திருவண்ணாமலை மாவட்டத்தின் அரசுப் பதிவேடுகள்: வரலாறும் பெறும் வழியும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நகருக்கு வடக்கே, வேலூர் செல்லும் சாலையில் உள்ள வேங்கிக்காலில் இயங்குகிறது. மாவட்டத்தின் நிலம், வரி, ஏரி, புறம்போக்கு, மக்கள் மனு ஆகியவை பற்றிய கோப்புகளுக்கு இன்று இதுவே தலைமையிடம். தாத்தா காலத்து நிலக்கணக்கைத் தேடும் விவசாயியும், ஊர் வரலாறு எழுதத் தொடங்கும் மாணவரும் முதலில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கிடைக்கும் பதில் "இங்கே இல்லை" என்பது. அந்தப் பதில் பல நேரங்களில் உண்மையானதே. திருவண்ணாமலை மாவட்டம் பிறந்தது 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள். அதற்கு முன் இந்த ஊர்களின் கணக்குகள் வேறு தலைநகரங்களில் இருந்தன. ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் தாள்கள் மட்டும் அலுவலகத்தைப் பின்தொடர்ந்து இடம்மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த அலுவலகம் இந்த ஊரை ஆண்டது என்று தெரிந்துகொள்வதே தேடலின் முதல் படி.

கல்லில் இருந்த பதிவு

அண்ணாமலையார் கோயிலின் சுவர்களில் சோழர், போசளர், சம்புவராயர், விசயநகர வேந்தர் எனப் பல காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைத் தொகுத்துப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் நூலாக வெளியிட்டது. நிலக்கொடை, அதன் எல்லை, வரிநீக்கம், விளக்கெரிக்கக் கொடுத்த ஆடு மாடு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. சோழர் ஆட்சியில் புரவுவரித் திணைக்களம் என்னும் நிலவரித் துறை இருந்தது. ஓலையில் எழுதப்பட்ட கணக்கே அதன் மூலம். கல்லில் வெட்டியது அந்த ஓலையின் ஊரறிந்த படி. கோயிலுக்கு வருபவர் எவரும் அதைக் காணலாம், காண்பதற்கு அனுமதி மனு தேவையில்லை. பிற்காலத்தில் கணக்கு தாளுக்கு மாறி அலுவலக அலமாரிக்குள் சென்றபோது இந்த வெளிப்படைத்தன்மை போய்விட்டது.

கடலூர், சித்தூர், வேலூர், வேங்கிக்கால்

1801ஆம் ஆண்டு சூலை 31இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி ஆற்காடு நவாப்பின் கர்நாடகப் பகுதி கிழக்கிந்திய நிறுவனத்தின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதிலிருந்து வட ஆற்காடு, தென் ஆற்காடு ஆகிய மாவட்டங்கள் அமைந்தன. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் இந்த இரண்டிலுமாகப் பிரிந்து கிடந்தது. திருவண்ணாமலை வட்டம் தென் ஆற்காட்டைச் சேர்ந்தது. அதன் ஆட்சியர் அலுவலகம் கடலூரில். போளூர், ஆரணி, வந்தவாசிப் பகுதிகள் வட ஆற்காட்டைச் சேர்ந்தவை. அதன் தலைநகரம் அக்காலத்தில் சித்தூர். போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஒரு நாள் நடைத் தொலைவுதான். ஆனால் ஒன்றின் கணக்கு கடற்கரைக்கும் மற்றொன்றின் கணக்கு இன்றைய ஆந்திர எல்லைக்கும் போய்ச் சேர்ந்தது.

1911ஆம் ஆண்டு ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆற்காட்டின் தலைநகரம் வேலூருக்கு வந்தது. இழந்த பகுதிக்கு ஈடாகத் தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை வட்டமும், சேலத்திலிருந்து திருப்பத்தூர் வட்டமும் வட ஆற்காட்டோடு சேர்க்கப்பட்டன. அதன்பின் 78 ஆண்டுகள் திருவண்ணாமலைக்காரர்களுக்கு மாவட்டத் தலைநகரம் வேலூர்தான். 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 1990களின் பிற்பகுதியில் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை நீக்கியபோது வெறும் திருவண்ணாமலை மாவட்டம் ஆயிற்று. 1990களின் தொடக்கத்து அரசாணைகளைத் தேடுபவர் சம்புவராயர் பெயரிலும் தேட வேண்டும்.

இந்த எல்லை மாற்றம் அச்சிட்ட நூல்களிலும் ஆளைத் தடுமாற வைக்கும். ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஆரணி உண்டு, போளூர் உண்டு; திருவண்ணாமலை வட்டம் இல்லை. அதைக் கார்ஸ்டின் 1878இல் தொகுத்த தென் ஆற்காடு கையேட்டிலும், பிரான்சிஸ் 1906இல் எழுதிய தென் ஆற்காடு விவரச்சுவடியிலும் பார்க்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் பலர் தவறான நூலைப் புரட்டிவிட்டு, திருவண்ணாமலை பற்றி ஆங்கிலேயர் எதுவும் எழுதவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

பத்திரப்பதிவுத் துறைக்கு வேறு எல்லை. வருவாய் மாவட்டம் ஒன்றே ஆயினும் அதற்குள் திருவண்ணாமலை, செய்யாறு என இரு பதிவு மாவட்டங்கள் உண்டு. ஒரு கிராமம் காலப்போக்கில் ஒரு சார்பதிவகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அப்போது பழைய பத்திரம் பழைய இடத்திலேயே இருக்கும். வில்லங்கச் சான்று கேட்பவர் இரண்டு அலுவலகங்களிலும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கர்ணத்தின் பெட்டி

மேலே சொன்னவை மாவட்ட அளவிலான தாள்கள். ஊரளவிலான கணக்கு நூற்றாண்டுக் கணக்கில் ஊரிலேயே, கர்ணத்தின் வீட்டில் இருந்தது. அடங்கல், சிட்டா, தண்டல் கணக்கு எல்லாம் அவருடைய மரப்பெட்டியில். பதவி பரம்பரையாக வந்ததால் பெட்டியும் பரம்பரையாக வந்தது. ஏட்டைப் பார்க்க வேண்டுமானால் கர்ணம் மனம் வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்குத் தன் நிலத்தின் புல எண்கூட அவர் வாயால் சொல்லக் கேட்டால்தான் உண்டு. நிலச் சண்டைகளில் கர்ணத்தின் சொல்லுக்கு இருந்த கனம் இப்படி வந்தது.

1980ஆம் ஆண்டு நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்றால் மணியக்காரர், கர்ணம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 23,000 பதவிகள் ஒரே ஆணையில் போயின. எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கணக்குகளை ஒப்படைக்குமாறு பழையவர்களுக்கு ஆணை பிறந்தது. ஒப்படைப்பு எல்லா ஊரிலும் ஒரே ஒழுங்கில் நடந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். பெட்டி அலுவலகத்துக்குப் போன ஊர்களும் உண்டு, பரணிலேயே தங்கிவிட்ட ஊர்களும் உண்டு. 1980க்கு முந்தைய அடங்கல் ஓர் ஊருக்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பதும் பக்கத்து ஊருக்கு இடையிடையே இல்லாமற் போவதும் இந்தப் பின்னணியில் புரியும்.

அதே காலத்தில் மற்றொரு பெரிய மாற்றமும் நடந்தது. 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. மக்கள் வழக்கில் இதன் பெயர் யு.டி.ஆர். ஊர் ஊராகச் சென்று, நிலம் யார் அனுபவத்தில் உள்ளது என்று பார்த்து, பட்டாக்களைப் புதிதாக எழுதினார்கள். பல தலைமுறையாக மாற்றாமல் கிடந்த பெயர்கள் மாறின; உழைப்புக்குரிய பணிதான். ஆனால் அதில் நேர்ந்த பிழைகளும் அப்படியே புதிய ஏட்டில் ஏறின. அண்ணன் பெயர் ஏறித் தம்பி பெயர் விட்டுப்போனது, உட்பிரிவு மாறிப்போனது, பட்டா நிலம் புறம்போக்காகப் பதிவானது என இன்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வரும் பட்டா மனுக்களில் பல இந்த ஏட்டிலிருந்து தொடங்குகின்றன. பிழையைக் காட்டப் புதிய ஏடு போதாது. திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேடும் பழைய நிலவரித்திட்டப் பதிவேடும் வேண்டும். இணையத்தில் கிடைப்பவை திட்டத்துக்குப் பிந்தையவை. பழையதைக் கையால்தான் தேட வேண்டும்.

பசலி

அடங்கலைக் கேட்பவர் ஆங்கில ஆண்டைச் சொன்னால் பதிவறையில் எடுத்துத் தருவது எளிதன்று. வருவாய்க் கணக்கு பசலி ஆண்டில் கட்டப்பட்டிருக்கிறது. முகலாயர் காலத்தில் அறுவடையை ஒட்டி வரி தண்டுவதற்காக ஏற்பட்டது இந்த ஆண்டுமுறை. தமிழகத்தில் ஆடி முதல் நாளை ஒட்டித் தொடங்கிவந்த பசலியை ஆங்கில அரசு 1855இல் சூலை 1க்கு மாற்றியது. இன்றும் அதுவே நடைமுறை.

கணக்கு எளிது. சூலை முதல் திசம்பர் வரையான மாதமாக இருந்தால் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழிக்க வேண்டும். சனவரி முதல் சூன் வரை என்றால் 591. எடுத்துக்காட்டாக 1985 அக்டோபரும் 1986 மார்ச்சும் ஒரே பசலி, அதாவது 1395. கர்ணம் பதவி ஒழிந்த 1980 நவம்பர் பசலி 1390. ஒவ்வொரு பசலியின் முடிவிலும் வட்ட அளவில் நடக்கும் ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயத்தில் கிராமக் கணக்குகள் சரிபார்த்துக் கையொப்பமிடப்படும். அந்த நாளில் ஊர்க்கணக்குகள் அனைத்தும் ஒரே இடத்தில் மேசைமேல் இருக்கும். மனு கொடுப்பவர்கள் கூடுவார்கள், கணக்கைப் பார்க்கக் கேட்பவர்கள் குறைவு.

இன்னும் பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் என்று ஒன்று வரும். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி அளவைக் கணக்கின் எண். 1858இல் தனி நிலஅளவைத் துறை அமைந்த பிறகு வந்த புல எண்ணோடு அது பொருந்தாது. இரண்டையும் பொருத்திக் காட்டும் பட்டியல் உள்ள ஊர்களில் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

பதிவறையும் கோப்பின் ஆயுளும்

தமிழக அரசு அலுவலகங்களில் கோப்பு நடத்தும் முறை மதராஸ் மாகாண அதிகாரி டாட்டன்ஹாம் பெயரால் வழங்குவது. ஒரு கோப்பில் நடவடிக்கை முடிந்ததும் அதன் ஆயுளைக் குறித்துப் பதிவறைக்கு அனுப்புவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். ஆங்கிலக் கோப்புகளில் இவை எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்றிருக்கும். காலம் முடிந்தால் கோப்பை அழித்துவிடலாம், அழிப்பது விதிப்படியானதே.

வரலாற்று மாணவருக்கு இது கசப்பான செய்தி. பஞ்ச காலத்து மனுவோ, ஏரிக்கரை உடைந்தபோது ஊரார் எழுதிய விண்ணப்பமோ, அலுவலகக் கண்ணுக்கு ஓராண்டுத் தாள்தான். நிலைத்து நிற்பவை நில உரிமையும் வரியும் பற்றியவை. ஆகவே மாவட்டப் பதிவறையை மட்டும் நம்பி எழுதப்படும் ஊர் வரலாறு, நிலமுடையோரின் வரலாறாக முடியும் ஆபத்து உண்டு. நிலமில்லாதவர்கள் அங்கே பெரும்பாலும் ஆக்கிரமிப்பாளர் என்றோ மனுதாரர் என்றோதான் தோன்றுகிறார்கள்.

ஒரு பழைய கடிதத்தின் தலைப்பில் உள்ள ந.க. எண்ணையும், முடிவு எண்ணையும், தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு கேட்டால் கோப்பு கிடைக்கும் வாய்ப்பு பன்மடங்கு கூடும். பொருளை மட்டும் சொல்லிக் கேட்டால் பதிவறை எழுத்தருக்கு அது வைக்கோற்போரில் தேடும் வேலை.

எழும்பூர்

மிகப் பழையவை சென்னையில் உள்ளன. எழும்பூரில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறக் கட்டடத்தில் மதராஸ் ஆவண அலுவலகம் அமைந்தது. 1911இல் ஹென்றி டாட்வெல் அதன் காப்பாளரானார். 1973இல் அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் மாறியது. 1670ஆம் ஆண்டு முதலான தாள்கள் அங்கே உள்ளன. வட ஆற்காடு, தென் ஆற்காடு ஆட்சியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய கடிதங்களும், 1786 முதல் 1980 வரை இயங்கிய வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. மாவட்டத்தில் மூலம் அழிந்திருந்தாலும் ஆட்சியர் வாரியத்துக்கு அனுப்பிய படி எழும்பூரில் இருக்கக்கூடும். இது பலருக்கும் தெரியாத மாற்று வழி.

கோயில், மடம், சத்திரம், பூசகர் மானிய நிலங்களைத் தேடுவோருக்கு இன்றியமையாதது இனாம் விசாரணைப் பதிவேடு. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் மாகாணம் முழுதும் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து, யார் கொடுத்தது, எதற்காக, எவ்வளவு, அப்போது அனுபவிப்பவர் யார் என்று எழுதி வைத்தது. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரைச் சுற்றிய ஊர்களில் அன்னதானம், நந்தவனம், தேர் முதலியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களைப் பற்றிய வழக்குகளில் நீதிமன்றங்கள் இன்றும் இந்தப் பதிவேட்டுக்குப் பெருமதிப்பு அளிக்கின்றன. சான்றிட்ட நகலை ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

பார்க்கும் உரிமை வந்த வழி

அரசுத் தாளைப் பார்க்கும் உரிமை 2005இல் திடீரென்று வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். துண்டு துண்டாக அது முன்பே இருந்தது. இன்று நடப்பிலுள்ள 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம். சொத்தோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. உயில்கள் அடங்கிய மூன்றாம் புத்தகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு: எழுதியவர் உயிரோடுள்ளவரை அவரோ அவரது முகவரோதான் நகல் பெறலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, பார்வையிட உரிமையுள்ள பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் தர அலுவலர் கடமைப்பட்டவர் என்றது. 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 75ஆம் பிரிவு. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு மதராஸ் மாகாணத்தில் 1899இலேயே சட்டம் உண்டு. இப்போதுள்ளது 1969ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதன்படி எவரும் பதிவேட்டில் தேடச் செய்து நகல் பெறலாம். இறப்புக்கான காரணம் மட்டும் வெளியிடப்படாது.

இந்த உரிமைகள் குறிப்பிட்ட ஏடுகளுக்கு மட்டும் உரியவை. அலுவலகக் கோப்பு, அதாவது ஓர் ஆணை ஏன் பிறந்தது என்பதைச் சொல்லும் குறிப்புத்தாள், மூடியே இருந்தது. 1975இல் இராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் மக்களுக்கு அரசின் செயல்களை அறியும் உரிமை உண்டு என்று சொன்னது. 1990களில் இராசத்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர், ஊராட்சி வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர்நடுவே படித்துக் காட்டச் சொல்லிப் போராடினார்கள். செத்தவர் பெயரில் கூலி எழுதியிருந்ததை ஊரே கேட்டது. தகவல் உரிமை என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை உடைத்தவர்கள் அந்தக் கூலித் தொழிலாளர்களே.

தமிழ்நாடு 1997இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இயற்றியது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள் அதில் இருந்ததால் மக்கள் கையில் அது பெரிதாகப் பயன்படவில்லை. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது.

விண்ணப்பம்

2005 சட்டத்தின்படி விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க அலுவலருக்கு உரிமை இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

விண்ணப்பத்தில் பலர் செய்யும் பிழை, கேள்வி கேட்பது. எங்கள் ஊர் ஏரி ஏன் சுருங்கியது என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள பதிவைத் தருவதே சட்டப்படியான கடமை, புதிதாக விளக்கம் உருவாக்குவது கடமையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதே மாணவர், கிராமத்தின் பெயரும் புல எண்ணும் குறிப்பிட்டு, நிலவரித்திட்டப் பதிவேட்டிலும் இன்றைய 'அ' பதிவேட்டிலும் அந்த எண்ணுக்குரிய பக்கங்கள், புலப்பட நகல், பசலி 1385 முதல் 1400 வரையான அடங்கல் பக்கங்கள் என்று கேட்டால் மறுக்க வழியில்லை. பழைய ஏட்டில் உள்ள பரப்பையும் புதிய ஏட்டில் உள்ள பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏரி எப்போது சுருங்கியது என்று தெரிந்துவிடும். நகல் பெறுவதைவிட நேரில் பார்வையிடக் கேட்பது சில நேரம் மேலானது. கேட்கத் தோன்றாத தாளும் கண்ணில் படும்.

20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்குச் சட்டத்தின் விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தா. வரலாற்று மாணவர்கள் விண்ணப்பத்தில் 8(3) பிரிவைக் குறிப்பிடுவது நல்லது. கோப்பு காணவில்லை என்பது சட்டத்தில் சொல்லப்பட்ட விலக்கு அன்று. விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் கூறியிருக்கிறது. விதிப்படி அழிக்கப்பட்டதாகச் சொன்னால் அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். மறுபுறம், 2023இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஞ) விலக்கை விரிவாக்கித் திருத்துகிறது. பயனாளிகள் பட்டியல் போன்றவற்றைப் பெறுவது இதனால் கடினமாகும் என்று தகவல் உரிமை ஆர்வலர்கள் கவலை தெரிவித்துள்ளனர்.

எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டத்தை நாட வேண்டியதில்லை. இன்றைய பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவை அரசின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. அண்மைக் கால வில்லங்கச் சான்றும் பதிவுத்துறை இணையத்தளத்தில் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சார்பதிவகத்தில் மனுக் கொடுத்துக் கைத்தேடல் செய்ய வேண்டும்.

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. நகரங்கள் இப்படி விரியும்போது சுற்றியுள்ள ஊராட்சிகள் இணைக்கப்படுகின்றன. ஊராட்சியின் வீட்டுவரிப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சொத்துப் பதிவேடு ஆகியவை ஊராட்சி அலுவலகத்திலிருந்து புதிய உள்ளாட்சிக்குப் போகும். கிராமசபையில் ஊரார் கையொப்பமிட்ட தீர்மானப் புத்தகம் எந்த அலமாரிக்குப் போகிறது, ஒப்படைப்புப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று கேட்டு, அந்தப் பட்டியலின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ள ஏற்ற காலம், இணைப்பு நடக்கும் இந்தச் சில ஆண்டுகளே.